எந்தப் பக்கம் நோவெடுத்தது?

நெடுங்கேணிப் பக்கத்தில் ஒருவர் விடிய எழும்பி, "கனாவில நெஞ்சில குத்து வந்தது" என்று சொன்னால், பழைய ஆட்கள் உடனே பலன் சொல்ல மாட்டார்கள். கேள்விதான் கேட்பார்கள். எந்தப் பக்கம்? குத்தினது ஆர், தெரிஞ்ச ஆளா? ரத்தம் கண்டியா? எழும்பின பிறகும் நோகுதா? ராத்திரி என்ன சாப்பிட்டனீ? கடைசிக் கேள்வியோடு அநேகம் பேரின் கனா முடிந்துவிடும். மரவள்ளிக்கிழங்கை வயிறுமுட்டத் தின்றுவிட்டு மல்லாக்கப் படுத்தவனுக்கு ஐயனாரும் வேண்டாம், வைரவரும் வேண்டாம். வேர்க்கொம்பு தட்டிப்போட்ட மல்லித்தண்ணி போதும்.

என் ஆச்சி, அம்மாவைப் பெற்றவள், இந்தக் கேள்விகளுக்கு ஊரில் பேரெடுத்தவள். அவள் பரியாரி அல்ல. இதற்குப் பரியாரியாரிடம் போகவேண்டுமா, கோயிலில் நேர்த்தி வைக்கவேண்டுமா, வீட்டிலேயே நொச்சியிலை வதக்கி ஒத்தணம் பிடித்தால் சரியா என்று பிரித்துவிடுகிறவள். நான் பின்னாளில் வன்னியில் அரசாங்க மருந்தகங்களில் டிஸ்பென்சராக வேலை பார்த்தேன். டொக்டர் எப்போதாவது வந்துபோகிற இடங்கள் அவை. வரிசையில் நிற்பவர்களில் ஆரை இன்றைக்கே வவுனியாவுக்கு ஏற்றுவது, ஆருக்குப் பனடோலோடு முடிப்பது என்று பிரிக்கிற பொறுப்பு என் தலையில்தான் விழும். ஆச்சி திண்ணையில் குந்தியிருந்து செய்ததும் இதே வேலைதான். கனாவில் வரும் நோவுக்கு ஒரு சரித்திரம் உண்டு என்று எனக்குப் புரிந்தது அவள் சொன்ன கதைகளால். அதை நம்பத் தொடங்கியது மருந்தக வரிசையால்.

ஆச்சிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனாலும் "எத்தினையாம் சாமம்?" என்று அவள் கேட்பதற்குப் பின்னால் நூல் இருந்தது. பொன்னவன் பாடியது என்று சொல்லப்படும் கனா நூல் முப்பது பாட்டுக் கொண்ட சின்ன நூல். முதற்சாமத்தில் கண்டது ஓராண்டில் பலிக்கும், இரண்டாம் சாமத்தது எட்டு மாதத்தில், மூன்றாவது மூன்று மாதத்தில், கடைச்சாமத்தது பத்து நாளுக்குள் என்று அது கணக்கு வைக்கிறது. சிலப்பதிகாரத்துக்கு உரை செய்த அடியார்க்குநல்லார் கையாண்ட நூல் அது. ஏடு தெரியாத வன்னிக் கிழவியின் வாயில் அந்தக் கணக்கின் கடைசிப் பாகம் மட்டும் தங்கியிருந்தது: "விடியப்புறக் கனாவெண்டா பத்து நாள் பார்ப்பம், மோனை." பத்து நாளும் எண்ணெய் பூசி, பத்தியம் காத்து, அதற்கு மேலும் நோ நின்றால் பரியாரியார் வீடு. பலிக்கிற தவணையை அவள் நோயைக் கவனிக்கிற தவணையாக மாற்றிவிட்டாள். டிஸ்பென்சராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கெட்ட முறையல்ல அது.

வைத்திய நூல்களிலும் கனாவுக்கு இடம் உண்டு. சுசுருத சங்கிதையின் சூத்திரத்தானத்தில் 29ஆம் அத்தியாயம் தூதன், சகுனம், கனா மூன்றையும் ஒன்றாக வைத்துப் பேசுகிறது. நோயாளியைப் பார்க்குமுன் வைத்தியன் எதையெதைக் கவனிக்கவேண்டும் என்பதே அங்கே விஷயம். எங்கள் ஊர்களில் பாம்பு கடித்தவனுக்காக விசகடிப் பரியாரியிடம் ஓடிப்போகிறவன் எந்தக் காலை ஊன்றி நின்றான், பேசும்போது உடம்பில் எந்த இடத்தைத் தொட்டான் என்று பார்த்தார்களே, அந்தத் தூது லட்சணமும் கனாப்பலனும் ஒரே பாடத்தின் இரண்டு பக்கம். சரகர் இன்னும் கறாரான ஆள். கனாவை ஏழு வகையாகப் பிரித்துவிட்டு, பார்த்தது, கேட்டது, பட்டது, ஆசைப்பட்டது, கற்பனை பண்ணியது என்ற ஐந்துக்கும் பலனே இல்லை என்று தள்ளிவிடுகிறார். மிஞ்சுவது இரண்டு: வரப்போவதைச் சொல்வது, தோஷத்தால் வருவது. உடம்புக் கெடுதி தன்னைக் கனாவாகக் காட்டும் என்பது இந்தக் கடைசி வகை. நெஞ்சிலே முள்ளுக்கொடி முளைத்து வளர்வதாகக் கனாக் கண்டவன் குன்மத்தால், அதாவது வயிற்றுக்கட்டியால், மடிவான் என்று அதே இடத்தில் ஒரு குறிப்பு வருகிறது.

அந்த முள்ளுக்கொடியை நான் முதலில் புத்தகத்தில் படிக்கவில்லை, ஆச்சியிடம்தான் கேட்டேன். அவளுடைய சின்ன வயதில் கமக்காரர் அடிக்கடி சொன்ன கனா அதுவாம். சூரைப்பற்றைக்குள் விழுந்து, இடது விலாவில் முள்ளேறி, பிடுங்கப் பிடுங்க உள்ளே போகிற கனா. "இடப்பக்கமெண்டா கட்டி" என்பது அவள் தீர்ப்பு. கட்டி என்றால் காய்ச்சற்கட்டி. மலேரியா திரும்பத் திரும்ப அடித்தவனுக்கு மண்ணீரல் வீங்கி இடது விலாவுக்குக் கீழே கல்லாக நிற்கும். வெள்ளைக்கார டொக்டர்மாரும் ஒரு ஊரின் மலேரியாவை அளக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மண்ணீரலைத்தான் தடவிப் பார்த்தார்கள். ஆக, "எந்தப் பக்கம்?" என்ற கேள்வி மூடநம்பிக்கையில் பிறந்தது என்று ஒரேயடியாகத் தள்ள எனக்கு மனமில்லை.

வன்னியின் பழங்கதையை எழுதுகிறவர்கள் 1803இல் கற்சிலைமடுவில் பண்டாரவன்னியன் தோற்றதைப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். எழுதட்டும். ஆனால் இந்த நிலத்தில் சனத்தைக் குறைத்தது வாளை விடக் காய்ச்சலும் பறங்கிப்புண்ணும்தான், அதற்கு ஒரு வரி கொடுப்பார்கள். இலங்கையின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த கின்சி 1881இல் பறங்கி வருத்தத்தைப் பற்றித் தனி அறிக்கையே எழுதவேண்டி வந்தது. 1895இல் ஜே. பி. லூயிஸ் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைநூலைப் புரட்டினால் குளம் உடைந்து, காய்ச்சல் பிடித்து, ஆளில்லாமல் போன ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன.

பறங்கி தோலோடு நிற்கிற வருத்தம் அல்ல. முற்றினால் எலும்பில் இறங்கும். கால் எலும்பு வீங்கி வளையும், நோ இரவில்தான் கூடும். பகல் முழுக்க மண்வெட்டி பிடித்தவன் படுத்த பிறகு முழங்காலுக்குக் கீழே அது தொடங்கும். தன்னுடைய தாயும் அந்தத் தலைமுறை ஆட்களும் கண்ட கனாவை ஆச்சி இப்படிச் சொல்வாள்: ஒரு தச்சன் வருவான். முகம் தெரியாது. காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, முதிரைக்கட்டையைச் செதுக்குகிறமாதிரி உளியை வைத்து எலும்பைச் செதுக்குவான். கத்தினால் சத்தம் வராது. ஊரில் பலருக்கு அதே தச்சன்தான். அது தச்சன் வேலை முடியாமல் நிற்கிற கோயிலின் கோபம் என்று சிலர் சொன்னார்களாம். பரியாரியார்மாரோ பறங்கிப்பட்டைக் கஷாயத்தைக் கொடுத்து, மீனையும் புளியையும் நிற்பாட்டச் சொன்னார்கள். பிறகு ஊசி வந்தது. முதலில் பாஷாணம் கலந்த ஊசி, இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு பெனிசிலின். புண் ஆறியது, எலும்பு நோ போனது. "அதோட தச்சனும் போட்டான்" என்பாள் ஆச்சி. "இப்ப ஒருத்தருக்கும் அந்தக் கனா வாறேல்லை."

ஒரு நோய் தொலைந்தபோது ஒரு கனாவும் ஊரைவிட்டுப் போனது. இதை எந்தக் கனாப்பலன் புத்தகத்திலும் நான் காணவில்லை. கனாக்களை என்றைக்கும் மாறாத அட்டவணையாக அச்சடிப்பவர்களுக்கு இது உறைக்காது.

கிரேக்கரும் இதைத் தொட்டிருக்கிறார்கள். தூக்கத்தில் காதுக்குள் சின்னச் சத்தம் இடிமுழக்கமாகும், உடம்பில் ஓரிடத்துச் சிறு சூடு நெருப்புக்குள் நடப்பதாகும் என்று அரிஸ்டாட்டில் எழுதினார். நோயின் தொடக்கமும் சின்னதுதான், ஆகவே அது விழிப்பைவிடத் தூக்கத்தில் முதலில் தெரியக்கூடும் என்பது அவர் கட்சி. கேலன் என்ற வைத்தியர் தன் கால் கல்லாய்ப் போனதாகக் கனாக் கண்ட ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த ஆளுக்குப் பிறகு அந்தக் காலிலேயே வாதம் விழுந்தது. ஆச்சியைக் கேலனுக்குப் பக்கத்தில் உட்காரவைத்திருந்தால் இருவரும் சண்டை பிடிக்காமல் பேசியிருப்பார்கள் என்று எனக்குப் படுகிறது, வெற்றிலைத்தட்டம் மட்டும் நடுவில் இருந்தால்.

எல்லா நோவுக் கனாவும் நோயோடு முடியவில்லை. ஆச்சியிடமும் தலைகீழ்க் கணக்கு ஒன்று இருந்தது. பாம்பு கடித்து ரத்தம் வந்தால் சனி கழிந்தது, சந்தோஷம். ஆனாலும் புதூர் நாகதம்பிரானுக்குப் பால் நேர்ந்துவிடு. பல்லு நோவெடுத்து விழுந்தால் இனசனத்தில் ஒரு சாவு. எருமை முட்டினால் எமன், நாய் கடித்தால் வைரவரை மறந்துவிட்டாய். உடம்பில் கொப்புளம் எரிந்தால் அம்மாளின் கோபம். இவற்றில் எனக்கு என்றைக்கும் நம்பிக்கை வந்ததில்லை. ஆச்சிக்கும் முழு நம்பிக்கை இருந்ததா என்பது சந்தேகம்; பயந்தவனுக்குச் செய்ய ஒரு வேலை கொடுப்பதற்காகவே அவள் பால் நேரச் சொன்னாள் என்றுதான் நினைக்கிறேன்.

தேள் கதை வேறு. கனாவில் தேள் கொட்டினால், "ஆரோ உன்னிலை பழி போடப்போகினம்" என்பாள். சிலப்பதிகாரத்தில் கண்ணகி தன் தோழி தேவந்தியிடம் சொல்லும் கனாவை நினைத்துப் பாருங்கள். கணவன் கையைப் பிடித்து ஒரு பெரிய ஊருக்கு அழைத்துப் போகிறான். அங்கே, தேளைத் தூக்கி மேலே போடுவதுபோல ஊரார் அவள்மேல் பொய்ப்பழி போடுகிறார்கள். முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்தை விடியவிடியப் பார்த்து வளர்ந்தவளுக்கு அந்தத் தேள் எங்கிருந்து வந்திருக்கும் என்று கேட்கத் தேவையில்லை. ஆனால் அந்தக் கதையின் மிச்சத்தை ஆச்சி சொன்னதேயில்லை. தேவந்தி உடனே பரிகாரம் சொல்கிறாள்: முற்பிறப்பில் ஒரு நோன்பு தவறிவிட்டது, சோமகுண்டம் சூரியகுண்டம் முழுகிக் காமவேள் கோட்டத்தில் கும்பிட்டால் கணவனோடு இன்புறலாம் என்று. கண்ணகி அது தனக்குப் பெருமையல்ல என்று மறுத்துவிடுகிறாள். கெட்ட கனாக் கண்டவர்கள் வற்றாப்பளைக் கண்ணகி அம்மாளுக்கு நேர்ந்து, வைகாசிப் பொங்கலுக்குப் பாற்செம்பு எடுத்துக்கொண்டு போகிறார்களே, அந்த அம்மாள் தன் கனாவுக்குப் பரிகாரம் செய்ய மாட்டேன் என்றவள். கடல்நீரில் விளக்கெரிகிற அந்த இரவில் இதை ஆரிடமும் சொல்ல எனக்குத் துணிவு வந்ததில்லை.

அமுக்குவான் பேயைப் பற்றியும் இரண்டு சொல் சொல்லவேண்டும். வயல் காவலுக்குப் பரணில் தனியே படுக்கிறவர்களுக்கு அது கூடுதலாக வரும். நெஞ்சில் ஏறிக் குந்தும், மூச்சு முட்டும், கையைக் காலை அசைக்க ஏலாது. தலைமாட்டில் பாக்குவெட்டியை வைத்துக்கொண்டு படுப்பார்கள், இரும்புக்குப் பேய் பயம் என்று. கனாத் தூக்கத்தில் உடம்பின் தசைகள் தளர்ந்து கட்டுண்டு கிடக்கும். மூளை மட்டும் முந்தி விழித்துவிட்டால் இந்த நிலை வரும் என்று மருத்துவம் சொல்கிறது. நித்திரை முறிந்தவர்களுக்கு அது அதிகம். யானைக்கு வெடி கொளுத்தி விழித்திருந்தவனுக்கு வராமல் வேறு ஆருக்கு வரும்?

காய்ச்சற்கட்டிக்குத் திரும்புவோம். நுளம்புக்கு டி.டி.ரி. அடிப்பது 1946இல் நாடெங்கும் தொடங்கிய பிறகு மலேரியா சரசரவென்று இறங்கியது. 1963இல் நாடு முழுவதற்கும் பதினேழு பேருக்குத்தான் காய்ச்சல். பிறகு மருந்தடிப்பில் கைசோர்ந்து, 1968, 69இல் அது திரும்பிவந்து எங்களைப் போட்டுப் புரட்டியது. உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா 2012இல். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று சான்றளித்தது. சூரைமுள்ளுக் கனாவைச் சொன்ன கடைசி ஆளை நான் கண்டது அதற்கு வெகுகாலம் முந்தி.

ஆனால் அதற்குள் வேறு கனாக்கள் வந்துவிட்டன. 1997 மே 13ஆம் திகதி ஜெயசிக்குறு இராணுவ நடவடிக்கை தொடங்கியதோடு நெடுங்கேணிச் சனம் சட்டிபானையோடு காட்டுப்பாதையில் இறங்கியது. 1999 நவம்பரில் களம் மறுபடி மாறியது. 2008இல் திரும்பவும் ஓட்டம், 2009 மே வரை ஓட்டம், பிறகு செட்டிகுளத்து முகாம்களின் கூடாரம். ஊருக்குத் திரும்பி வந்து மருந்தக வரிசையில் நின்றவர்கள் சொன்ன நோ எந்த நூலிலும் இல்லை. தலையிடி, நெஞ்செரிவு, முதுகு உளைவு, கைகால் விறைப்பு என்றுதான் தொடங்குவார்கள். "எப்ப கூட?" என்று கேட்டால், "படுத்தாப் பிறகு." யாழ்ப்பாணத்து மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் 1998இல் வந்த தன் 'ஸ்கார்ட் மைன்ட்ஸ்' நூலில் இதை விளக்கமாக எழுதியிருக்கிறார்: போரில் அடிபட்ட எங்கள் சனம் மனத்தின் நோவை உடம்பின் நோவாகவே கொண்டுவந்து வைத்தியரிடம் வைக்கிறது என்று. அது எனக்குப் புதினமாகத் தெரியவில்லை. ஆச்சியிடம் வந்தவர்களும் அதைத்தான் செய்தார்கள்.

காலில்லாதவர்களின் கனா தனி. முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாத ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார், வயது என்னைவிடக் குறைவு, கமம்தான் தொழில். கனாவில் அவருக்கு இரண்டு காலும் உண்டு. வரம்பில் நடப்பார். இல்லாத காலின் பெருவிரலை ஆரோ குறட்டால் பிடித்துத் திருகுவார்கள். எழும்பிய பிறகும் அந்த விரல் நோகும், சொறிய விரல் இருக்காது. இப்படி அறுந்த உறுப்பில் நோ வருவதைப் பதினாறாம் நூற்றாண்டிலேயே பிரான்சின் போர்க்களச் சத்திரவைத்தியர் அம்ப்ரோயிஸ் பாரே எழுதிவைத்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கால் கை இழந்த சிப்பாய்களைப் பார்த்த வைர் மிற்செல் 1871இல் அதற்குப் பேயுறுப்பு என்ற பொருளில் பெயர் வைத்தார். மூளையில் அந்தக் காலுக்கான இடம் காலோடு அறுபட்டுப் போவதில்லை. இதை எங்கள் கமக்காரருக்கு ஒருவரும் சொல்லவில்லை. அவர் ஒரு கட்டுச் சொல்லுகிறவரிடம் போனார். முற்பிறப்பில் ஒரு பசுவின் காலை முறித்த பாவம் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. கழிப்புக் கழிக்கக் காசும் கேட்கப்பட்டது. கண்ணிவெடியில் போன காலுக்குப் பசுவின்மேல் கணக்கு எழுதினால் மனிதர் எப்படி நித்திரை கொள்வார்?

கனாவில் உண்மையாகவே நோகுமா என்று படித்தவர்களே கேட்டதுண்டு. 1993இல் கனடாவின் மொன்றியலில் தோர் நீல்சனும் கூட்டாளிகளும் இதைச் சோதித்தார்கள். பிரஷர் பார்க்கிறமாதிரியான பட்டியைத் தூங்குகிறவர்களின் காலில் கட்டி, கனா வருகிற நேரத்தில் காற்றடித்து இறுக்கி, பிறகு எழுப்பிக் கேட்டார்கள். அப்படிக் கேட்ட கனாக்களில் ஏறக்குறைய மூன்றிலொன்றில் நோ இருந்தது. சிலரின் கனாவில் அது வேறு ஆள், வேறு சம்பவம் என்று உடுப்பு மாற்றிக்கொண்டு வந்தது. எலும்பு நோ தச்சனாக வந்ததும் இப்படித்தான் இருக்கவேண்டும். பிறகு தீக்காயப்பட்ட நோயாளிகளிடமும் அதே ஊரில் விசாரித்தார்கள். நோவுக் கனாக் கண்டவர்களின் நித்திரை மற்றவர்களுடையதைவிட மோசமாக இருந்தது.

இன்றைக்குப் பலன் கைத்தொலைபேசியில் கிடைக்கிறது. காலில் அடிபட்டால் பயணம், கையில் அடிபட்டால் பணவரவு, முதுகில் குத்தினால் துரோகம். பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலனை உறுப்பு வாரியாக அச்சடித்த அதே பட்டியல்தான், பல்லியை மட்டும் எடுத்துவிட்டார்கள். கேட்கிற ஆள் ஆர், என்ன வேலை செய்கிறார், நோ எந்தப் பக்கம், எழும்பிய பிறகும் நிற்குதா என்று அந்தப் பெட்டி கேட்பதில்லை. ஆச்சியின் நூலும் நேர்த்தியும் போனதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. கேள்விகள் போனதுதான் நட்டம்.

ஆகவே வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வீட்டில் ஒருவர் கனாவில் நெஞ்சு நோவெடுத்தது என்று சொல்லி, எழும்பிய பிறகும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வேர்த்துப்போய் இருந்தால், பலன் தேடாமல் வாகனம் பிடியுங்கள். கனாவில் இல்லாத கால் நோகுது என்கிறவரையும், அதே செல்லும் அதே பங்கரும் அதே நோவும் ஒவ்வொரு இரவும் வருகிறது என்கிறவரையும் வவுனியா பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். இரண்டுக்கும் இப்போது வைத்தியம் இருக்கிறது. போகிற வழியில் பஸ்ஸில் இருந்து, எந்தப் பக்கம், எப்ப தொடக்கம் என்று கேட்டு ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போனால், அங்கே இருக்கிற டொக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.